பெங்களூரில் விமானம் ஓட்டப் பழகுகிறேன்: எந்த சார்ட் ஆப் வாங்கலாம்?

ஜக்கூர்_08 எழுதியது:

வணக்கம். ஜக்கூர் பக்கம் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) பயிற்சியில் இருக்கிறேன். சோலோ (தனியாகப் பறப்பது) முடிந்தது, அடுத்து கிராஸ் கன்ட்ரி, அதாவது வேறு ஊருக்குப் பறப்பது. முதலில் மைசூர் போய்வரச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை பேப்பர் சார்ட் (விமானிகளின் வரைபடம்), பிளாட்டர் (கோணமும் தூரமும் அளக்கும் அளவுகோல்), வட்டக் கம்ப்யூட்டர் (கையால் சுழற்றும் கணக்கு வட்டு) வைத்துத்தான் ரூட் போட்டுப் பழகினோம். சீனியர்கள் சிலர் ஐபேடில் போடுகிறார்கள். கோட்டை விரலால் இழுத்தால் போதும், தூரம், ஹெட்டிங் (போக வேண்டிய திசை), எரிபொருள் எல்லாம் வந்து நிற்கிறது. பார்க்கவே ஆசையாக இருக்கிறது.

அப்பா டேப்லெட்டுக்குப் பணம் அனுப்புகிறேன் என்றார். தர்மபுரியில் கடை வைத்திருக்கிறவர், பயிற்சிக் கட்டணத்துக்கே கடன் வாங்கியிருக்கிறார். அதனால் காசைத் தப்பான பொருளில் போட்டுவிடக் கூடாது. ஐபேடா, ஆண்ட்ராய்டா? எந்த ஆப்? இந்தியாவில் அது ஒழுங்காக வேலை செய்கிறதா? பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

ஒயிட்ஃபீல்டு_சிம் எழுதியது:

தம்பி, யோசிக்கவே வேண்டாம், ஐபேட், அதில் ஃபோர்ஃப்ளைட் ஆப். அது ஆண்ட்ராய்டில் கிடையாது. ஆண்ட்ராய்டுதான் கையில் இருக்கிறது என்றால் கார்மின் பைலட், அது இரண்டிலும் வரும். நான் நிஜ விமானி இல்லை, வீட்டில் சிமுலேட்டர் ஓட்டுகிறவன். சார்ட்டுக்கு நேவிகிராஃப் சந்தா வைத்திருக்கிறேன், லிட்டில் நேவ்மேப் என்ற வரைபட மென்பொருள் இலவசம். பெங்களூர் 27 ரைட் ஓடுபாதையில் இறங்கும்போது அப்ரோச் சார்ட்டின்மேல் என் விமானம் கோட்டிலேயே நகர்ந்து வருவதைப் பார்க்கிற நிம்மதி வேறு எதிலும் இல்லை. இந்த வசதி இருக்கும்போது இன்னும் மாணவர்களைப் பேப்பரில் கோடு போட வைப்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

வலது_சீட் எழுதியது:

நான் இன்ஸ்ட்ரக்டர். சிம் நண்பர் சொன்னதில் ஆப்களின் தரம் பற்றிச் சண்டையே இல்லை, அருமையான மென்பொருட்கள்தான். ஆனால் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு, தம்பி. அந்தத் திரையில் தெரிகிற இந்தியா எங்கிருந்து வந்தது? எந்தத் தேதியது?

அமெரிக்காவில் அரசே சார்ட்டுகளை இலவசமாக வெளியிடுகிறது. அதை எடுத்துத்தான் அங்குள்ள ஆப்கள் அவ்வளவு செழிப்பாக நிற்கின்றன. விளம்பர வீடியோவில் நீ பார்க்கிற படமெல்லாம் அந்த நாட்டுப் படம். இந்தியாவுக்கு அதே ஆப்பில் ஜெப்பசன் நிறுவனத்தின் சார்ட்டைத் தனிச் சந்தாவாக வாங்கிச் சேர்க்க வேண்டும். அதுவும் பெரும்பாலும் இன்ஸ்ட்ருமென்ட் பறத்தலுக்கானது, அதாவது கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கு. நீயோ கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கிறவன்.

என்னிடம் வந்த ஒரு பையன் ஒரு ஆப்புக்கு வருடச் சந்தா கட்டிவிட்டு வந்தான். பெயர் வேண்டாம். திறந்தால் விமான நிலையங்கள் வருகின்றன, ஓடுபாதைகள் வருகின்றன, வான்வெளி எல்லைகள் பாதி இல்லை. ஏலஹங்காவைச் சுற்றி வெறும் பச்சை நிலம். அந்தப் படத்தை நம்பி ஜக்கூரிலிருந்து வடக்கே திரும்பினால் விமானப்படைத் தளத்துக்குள் போய் நிற்பான். காலியாக இருக்கிற படமும் ஒரு தகவலைச் சொல்கிறது, 'இங்கே தடை ஒன்றுமில்லை' என்று. அதுதான் ஆபத்து.

ஓய்வு_ஏஐஎஸ் எழுதியது:

நான் வானூர்தித் தகவல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தேன். இன்ஸ்ட்ரக்டர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார், அதைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

இந்திய வான்வெளி பற்றிய மூல ஆவணம் ஒன்றுதான். ஏஐபி இந்தியா என்று பெயர். இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடுகிறது. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மூன்று பகுதி: பொது விவரம், வழித்தடங்கள், விமான நிலையங்கள். மூன்றாவதில் ஒவ்வொரு நிலையத்துக்கும் உயரம், ஓடுபாதை நீளம், விளக்குகள், அலைவரிசைகள், சுற்றியுள்ள தடைகள், கடைசியில் சார்ட்டுகள். ஜெப்பசன், லுஃப்தான்சா சிஸ்டம்ஸின் லிடோ, ஏர்பஸ்ஸின் நேவ்புளூ என்று எந்த நிறுவனமாக இருந்தாலும் இந்த மூலத்தை எடுத்துத்தான் தங்கள் பாணியில் வரைகிறார்கள். ஆப் என்பது அதற்கும் மேலே உட்காருகிற கடைசி அடுக்கு.

மாற்றங்கள் எப்போது வேண்டுமானாலும் வருவதில்லை. ஐராக் என்று ஒரு சுழற்சி, 28 நாளுக்கு ஒருமுறை, எப்போதும் வியாழக்கிழமை, உலகம் முழுவதும் ஒரே நாள். 2026ல் முதல் சுழற்சி ஜனவரி 22, அடுத்தது பிப்ரவரி 19, அப்படியே 28 கூட்டிக்கொண்டே போகலாம். வருடத்துக்குப் பொதுவாக 13 வரும். 2020ல் ஜனவரி 2ல் தொடங்கி டிசம்பர் 31 வரை 14 வந்தது. மாற்றத்தை வெளியிடுகிற நாடு குறைந்தது 42 நாள் முன்பே வெளியிட வேண்டும், பெறுகிறவர் கைக்கு 28 நாள் முன்பாவது போய்ச் சேர வேண்டும். பெரிய மாற்றம் என்றால் 56 நாள். சார்ட் வரைகிறவர், டேட்டாபேஸ் எழுதுகிறவர், விமான நிறுவனம், எல்லோருக்கும் வேலை செய்ய நேரம் வேண்டுமே, அதற்குத்தான் இந்த இடைவெளி.

ஒரு உதாரணம். கெம்பேகவுடா விமான நிலையம் 2008 மே மாதம் திறந்தபோது ஓடுபாதை ஒன்றுதான், 09/27 (கிழக்கு, மேற்குத் திசைகளைக் குறிக்கும் எண்கள்). 2019 டிசம்பரில் தெற்கே இரண்டாவது வந்தது. உடனே பழையது 09 லெஃப்ட்/27 ரைட் ஆனது, புதியது 09 ரைட்/27 லெஃப்ட். கான்கிரீட்டில் ஒரு அங்குலம்கூட மாறாத பழைய ஓடுபாதைக்கு ஒரே இரவில் பெயர் மாறிவிட்டது. அந்த நிலையத்தின் அத்தனை சார்ட்டும், அத்தனை விமானங்களின் டேட்டாபேஸும் சேர்ந்தே மாறியாக வேண்டும். புதுப்பிக்காத டேப்லெட் வைத்திருந்தவருக்கு பெங்களூரில் அன்றைக்கு ஒரே ஓடுபாதைதான்.

ஆகவே ஆப்பைத் திறந்ததும் ரூட் போடாதே, தம்பி. எந்தச் சுழற்சி, எது வரை செல்லும் என்ற வரியைத் தேடிப் படி. அந்த வரி எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஆப் உனக்கு வேண்டாம்.

ஜக்கூர்_08 எழுதியது:

ரொம்ப நன்றி ஐயா. ஏஐபி பற்றி ஏர் ரெகுலேஷன் வகுப்பில் தேர்வுக்காகப் படித்தேன், ஆனால் ஆப்புக்குள் இருப்பதும் அதுதான் என்று யோசித்ததே இல்லை. ஏர்லைனில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன், அங்கே எல்லாம் டேப்லெட்தானே?

தேவனஹள்ளி_எஃப்ஓ எழுதியது:

எல்லாம் டேப்லெட்தான். நான் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி), பேஸ் இங்கேதான். நான் சேர்ந்தபோதே பேப்பர் சார்ட்டுகள் நிறைந்த பை போய்விட்டது. அந்தப் பை எவ்வளவு கனம் என்று மூத்த கேப்டன்கள் தோளைத் தொட்டுக்காட்டிச் சொல்வார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013ல் முழுக்க ஐபேடுக்கு மாறியபோது சொன்ன கணக்கு, ஒரு விமானியின் பை 35 பவுண்டு, நம் கணக்கில் 16 கிலோ.

ஆனால் தம்பி, எங்கள் டேப்லெட்டும் நீ கடையில் வாங்கப்போவதும் பார்க்க ஒன்று, நடைமுறை வேறு. ஆப்பைத் தேர்வு செய்வது நாங்கள் இல்லை, கம்பெனி. அதற்கு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதி உண்டு. காக்பிட்டில் இருவரிடமும் தனித்தனி. கிளம்புவதற்கு முன் இரண்டும் ஒரே சுழற்சியில் இருக்கின்றனவா, பேட்டரி எவ்வளவு என்று பார்ப்பது வேலையின் பகுதி.

அப்புறம் பிரீஃபிங். இறங்குவதற்கு முன் ஒருவர் தன் சார்ட்டைப் பார்த்து வாய்விட்டுப் படிப்பார். சார்ட்டின் எண், தேதி, ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானொலிக் கருவி) அலைவரிசை, இறுதித் திசை, முடிவெடுக்கும் உயரம், இறங்க முடியாவிட்டால் எங்கே ஏறிப் போவது. இன்னொருவர் தன் டேப்லெட்டிலும் விமானத்தின் கம்ப்யூட்டரிலும் அதே எண்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். பெங்களூரில் 09 லெஃப்ட் சார்ட்டும் 09 ரைட் சார்ட்டும் சின்னத் திரையில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். விரல் ஒரு வரி கீழே பட்டால் அடுத்தது திறந்துவிடும். எண்ணையும் தேதியையும் வாய்விட்டுப் படித்தால் அது அங்கேயே பிடிபட்டுவிடும்.

2015 ஏப்ரலில் அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸில் நடந்ததைத் தேடிப் படி. வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் ஒரு சார்ட் டேட்டாபேஸில் இரண்டு முறை இருந்ததால் ஆப் செயலிழந்தது. சில டஜன் விமானங்கள் தாமதம். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால்தான் சரியானது. கிளம்புவதற்கு முன் தரையில் நடந்ததால் தாமதத்தோடு போயிற்று. தனியாகச் சின்ன விமானத்தில் பறக்கிற உனக்குப் பக்கத்தில் இன்னொருவர் டேப்லெட் இருக்காது. உன் இரண்டாவது டேப்லெட் உன் முழங்கால் பலகையில் இருக்கிற காகிதம்தான்.

ஒயிட்ஃபீல்டு_சிம் எழுதியது:

மேடம், மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் பயமுறுத்துவது மாதிரி இருக்கிறது. காகிதத்தில் கோடு போட்டுப் பறந்த காலத்தில் வழி தவறியவர்கள் எத்தனை பேர்? நகரும் வரைபடம் வந்த பிறகு 'நான் எங்கே இருக்கிறேன்' என்ற கேள்வியே போய்விட்டது. அது உயிர் காக்கிற விஷயம் இல்லையா?

கோடு_424 எழுதியது:

இந்தக் கேள்விக்காகவே உள்ளே வருகிறேன். நான் இங்கே அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வழிசெலுத்தல் டேட்டாவோடு வேலை செய்கிறவன். சார்ட் என்பது மனிதன் படிப்பதற்கு வரைந்த படம். விமானத்தின் கம்ப்யூட்டர் படம் படிக்காது. அதே நடைமுறையை ஏரிங்க் 424 என்ற வடிவத்தில் வரிவரியாக எழுதித் தர வேண்டும். இந்தப் புள்ளிக்கு இந்தத் திசையில் போ, இந்த உயரம் வரும்வரை ஏறு, இந்த ஆரத்தில் வளை என்று 23 வகைக் கட்டளைகள் இருக்கின்றன. ஒரே மூலத்திலிருந்து ஒரு குழு படம் வரைகிறது, இன்னொரு குழு இப்படி எழுதுகிறது. இரண்டும் எல்லா இடத்திலும் ஒன்றையே சொல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த இடைவெளியில் விழுந்த விமானம் உண்டு. 1995 டிசம்பர் 20, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, கொலம்பியாவின் காலி நகருக்குப் போன போயிங் 757. ரோஸோ என்ற வானொலிக் கலங்கரைக்குப் போகச் சொன்னார்கள். சார்ட்டில் அதன் அடையாளம் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து. விமானி கம்ப்யூட்டரில் 'ஆர்' என்று தட்டினார், வந்த பட்டியலில் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். அது ரோஸோ இல்லை, போகோட்டா பக்கம் இருக்கிற ரோமியோ. டேட்டாபேஸில் ரோஸோவை எடுக்க அதன் முழுப் பெயரையும் தட்ட வேண்டியிருந்தது. விமானம் இருட்டில் இடது பக்கம் திரும்பியது. அவர்கள் கவனித்துத் திருத்துவதற்குள் மலை வந்துவிட்டது. 163 பேரில் 159 பேர் இறந்தார்கள். பின்னாளில் அமெரிக்க நீதிமன்ற நடுவர் குழு பொறுப்பைப் பிரித்தபோது விமான நிறுவனத்துக்கு 75 சதவீதம், ஜெப்பசனுக்கு 17, கம்ப்யூட்டர் செய்த ஹனிவெல்லுக்கு 8 என்று வைத்தது.

எனக்கு அந்த 17ம் 8ம் முக்கியம். நான் எழுதுகிற ஒரு வரி யாரோ ஒருவர் காக்பிட்டில் இரவில் பட்டியலாகத் திறக்கும். 'நான் எங்கே இருக்கிறேன்' என்ற கேள்வி போய்விட்டது என்றீர்கள், அண்ணா. இருப்பிடம் பற்றிய கேள்வி போகட்டும், 'நான் போகச் சொன்ன இடம்தானா இது' என்ற கேள்வி இன்னும் விமானியிடம்தான் இருக்கிறது. அதற்குத்தான் கோட்டைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். மைசூர் தென்மேற்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தவனுக்குத் திரை கிழக்கே காட்டினால் உடனே உறுத்தும்.

வலது_சீட் எழுதியது:

கோடு_424 தம்பி சொன்னதை என் மாணவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும், இந்த இழையை அனுப்பி வைக்கிறேன்.

ஆனால் சிம் நண்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். பெங்களூரின் வடக்குப் பக்கத்தைப் பாருங்கள். ஜக்கூர் ஓடுபாதை 08/26. பக்கத்திலேயே ஏலஹங்கா 09/27. அந்தப் பக்கம் கெம்பேகவுடா 09/27, அதுவும் இரண்டு. தெற்கே எச்ஏஎல், அதுவும் 09/27. எல்லாமே கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. காலைப் புகைமூட்டத்தில் சூரியனை நோக்கித் திரும்பி வருகிற மாணவனுக்கு முன்னால் ஒரு நீளமான சாம்பல் கோடு தெரியும். அது பெரியதாக, நல்லதாக, வா வா என்று இருக்கும். ஜக்கூர் சின்னது, கட்டடங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். இந்த இடத்தில் திரையில் நகர்கிற அந்தச் சின்ன விமானம் பெரிய உதவி, நான் மனதாரச் சொல்கிறேன். ஹெட்டிங்கை வைத்து மட்டும் இந்த ஓடுபாதைகளைப் பிரித்துச் சொல்ல முடியாது.

என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கிற வரிசை: முதலில் வெளியே பார், ஏரி, ரயில் பாதை, நெடுஞ்சாலையை வைத்து இடத்தைச் சொல். அப்புறம் திரையைப் பார்த்து ஒப்பிடு. திரையை முதலில் பார்த்தவன் வெளியே பார்க்கும்போது திரை சொன்னதைத்தான் பார்ப்பான்.

இன்னொன்று, விரலால் பெரிதாக்கிச் சிறிதாக்குகிற வரைபடம். சிறிதாக்கும்போது நெரிசலைக் குறைக்க மென்பொருள் சிலவற்றை மறைத்துவிடும். கடலில் இதனால் ஒரு படகே தரைதட்டியது. 2014 நவம்பரில் உலகம் சுற்றும் பாய்மரப் பந்தயத்தில் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு மொரீஷியஸ் பக்கம் பவளத்திட்டில் முழு வேகத்தில் ஏறியது. மின்னணு வரைபடத்தை விரித்து வைத்திருந்த அளவில் அந்தத் திட்டு சரியாகத் தெரியவில்லை. ரூட் போட்ட பிறகு முழு வழியையும் நெருக்கிப் பெரிதாக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தள்ளிப் பார். கோபுரம், மலை, தடைப் பகுதி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

ஜக்கூர்_08 எழுதியது:

சார், நீங்கள் சொன்ன அந்தச் சாம்பல் கோட்டை நானும் டவுன்விண்டில் (இறங்குவதற்கு முன் ஓடுபாதைக்கு இணையாகப் பறக்கும்போது) பார்த்திருக்கிறேன். நோட்டம் (விமானிகளுக்கான தற்காலிக அறிவிப்புகள்) எல்லாம் ஆப்பே வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டுகிறதாமே? அப்படியென்றால் அந்தப் பெரிய எழுத்துக் குவியலைப் படிக்க வேண்டியதில்லையா?

ஓய்வு_ஏஐஎஸ் எழுதியது:

படிக்க வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதே, ஏன் என்று சொல்கிறேன்.

நோட்டத்தின் மேலே 'க்யூ' வரி என்று ஒன்று வரும். எந்த ஃப்ளைட் இன்ஃபர்மேஷன் ரீஜன் (நமக்கு சென்னை), என்ன விஷயம், எந்த உயரத்திலிருந்து எந்த உயரம், கடைசியில் ஒரு மையப்புள்ளியும் அதைச் சுற்றி எத்தனை நாட்டிக்கல் மைல் என்பதும். அந்தக் கடைசி எண்கள் எதற்கு என்றால், உன் வழிக்குச் சம்பந்தமான நோட்டங்களைக் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுப்பதற்கு. ஒரு விமான நிலையத்துக்கு உள்ளே ஒரு டாக்ஸிவே (விமானம் ஊர்ந்து செல்லும் பாதை) மூடியிருந்தாலும் வட்டம் பெரும்பாலும் 5 மைல் என்றே வரும். முழு ரீஜனுக்கும் பொருந்தும் செய்தி என்றால் 999. ஆப் வரைகிற வட்டம் பல சமயம் இந்த எண்ணை வைத்துத்தான்.

உண்மையில் மூடிய பகுதி எது என்பது கீழே 'ஈ' பகுதியில் எழுத்தில் இருக்கும். ஆறு மூலைகள் கொண்ட பலகோணமாக இருக்கலாம், ஆயத்தொலைகள் வரிசையாக வரும். வட்டம் பயமுறுத்துகிற இடத்தில் ஒன்றும் இருக்காது, அல்லது வட்டத்தின் மையத்தை விட்டு நீ விலகிப் போனதாக நினைக்கிற ஓரத்தில்தான் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும். 2025 பிப்ரவரி 10 முதல் 14 வரை ஏலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடந்தபோது பெங்களூர் வான்வெளி குறிப்பிட்ட நேரங்களில் மூடப்பட்டது. அந்த மாதிரி நாளில் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்பதுதான் எல்லாமே.

மணி யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும். ஐந்தரை மணி கூட்டு. 0330 என்று இருந்தால் காலை 9. நள்ளிரவு தாண்டினால் தேதியும் மாறும், 2030 என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 2. கணக்கு சின்னதுதான், பென்சிலால் ஓரத்தில் எழுதிவிடு.

தேவனஹள்ளி_எஃப்ஓ எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று. நோட்டம் வருகிற குழாயே அடைபடலாம். 2022 நவம்பரில் ஜெப்பசனில் சைபர் தாக்குதல் நடந்து சில நாள் நோட்டம் வழங்குவது பாதிக்கப்பட்டது. 2023 ஜனவரி 11 அன்று அமெரிக்க அரசின் நோட்டம் கணினியே விழுந்து நாடு முழுவதும் விமானங்கள் கிளம்புவதை நிறுத்தி வைத்தார்கள். பராமரிப்பில் தவறுதலாக ஃபைல்கள் அழிந்ததுதான் காரணம். ஆப்பில் நோட்டம் ஒன்றும் இல்லை என்று வந்தால் உண்மையிலேயே இல்லையா, வந்து சேரவில்லையா என்று கடைசியாகப் புதுப்பித்த நேரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஜிபிஎஸ் பற்றியும். அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு, 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், 465 ஜிபிஎஸ் குறுக்கீட்டுச் சம்பவங்கள். 2025 நவம்பரில் டெல்லியிலும் நடந்தது. பெங்களூரில் உனக்கு அது தினப்படிக் கவலை இல்லை. ஆனால் நாளைக்கு வேலை எங்கே கிடைக்கும் என்று தெரியாதே. யாராவது போலிச் சிக்னலால் ஜிபிஎஸ்ஸை ஏமாற்றினால் திரையில் பிழைச் செய்தி வராமலும் போகலாம். படம் பளிச்சென்று இருக்கும், விமானம் மட்டும் வேறு இடத்தில் இருக்கும்.

ஒயிட்ஃபீல்டு_சிம் எழுதியது:

இது எனக்குப் புதுசு. சிமுலேட்டரில் ஜிபிஎஸ் பொய் சொல்வதில்லை. பேப்பர் பற்றி நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் ஃப்ளைட் பிளானை ஆப்பிலிருந்தே ஒரு பொத்தானில் அனுப்பிவிடலாமே, அது நேரம் மிச்சம்தானே?

வலது_சீட் எழுதியது:

வெளிநாட்டு வீடியோவில் அப்படித்தான் முடியும். இங்கே கிராஸ் கன்ட்ரிக்கு ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் எண் வாங்க வேண்டும், ஃப்ளைட் இன்ஃபர்மேஷன் சென்டர் எண் வாங்க வேண்டும். இரண்டும் கையில் இல்லாமல் கிளம்ப முடியாது. ஆப் ரூட்டையும் நேரத்தையும் கணக்கிட்டுத் தரும், அதை எடுத்து நம் ஊர் முறைப்படி தாக்கல் செய்ய வேண்டும். அதேபோல அங்கே தரையிலிருந்து இலவசமாக வானிலை ரேடார் படத்தை டேப்லெட்டுக்கு அனுப்புகிற சேவை இருக்கிறது, இங்கே அது இல்லை. அதற்கென்று விற்கிற ரிசீவரை வாங்கி விடாதே, அப்பா காசு வீண்.

ஜக்கூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி மேலே. 30 டிகிரி வெயிலில் காற்று மெலிவதால் விமானத்துக்கு அது சுமார் 5,500 அடி மாதிரி. ஆப் அந்தக் கணக்கை நொடியில் போடும், அதை ஆசையோடு பயன்படுத்து. அந்த எண்ணை வைத்து விமானத்தின் கையேட்டில் டேக்ஆஃப் தூரத்தை எடுப்பது உன் வேலை.

ஜக்கூர்_08 எழுதியது:

சரி சார். டேப்லெட் எந்த மாடல் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

கோடு_424 எழுதியது:

ஐபேட் என்றால் சிம் வசதி உள்ள செல்லுலார் மாடல். வைஃபை மட்டும் உள்ளதில் ஜிபிஎஸ் கிடையாது, நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். சிம் போடாமல் இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே ஜிபிஎஸ் இருக்கும். மினி அளவே போதும், செஸ்னா 172ன் காக்பிட்டில் பெரியது யோக்கில் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) இடிக்கும். பழைய மாடல் இரண்டாம் கையாகக் கிடைத்தாலும் வாங்கலாம், ஆனால் நீ போடப்போகிற ஆப் அந்தப் பழைய ஐஓஎஸ்ஸில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு.

வலது_சீட் எழுதியது:

வெப்பத்தையும் சேர்த்துக்கொள். ஆப்பிளே 35 டிகிரி வரைதான் என்று சொல்கிறது. ஏப்ரல் மாதம் டாக்ஸி பண்ணும்போது கண்ணாடிக்குள் வெயில் நேராக மடியில் விழும். கறுப்பு உறை போட்ட டேப்லெட், திரை வெளிச்சம் முழுசாக, சார்ஜர் வேறு செருகியிருக்கும். ரன்அப் (கிளம்பும் முன் இன்ஜின் சோதனை) முடிவதற்குள் திரை தானே மங்கும், கொஞ்ச நேரத்தில் வெப்ப எச்சரிக்கையோடு கறுத்துவிடும். உறையைக் கழற்று, பறக்கும்போது சார்ஜ் போடாதே, முதல் நாள் இரவே நிரப்பிக்கொள், பயன்படுத்தாதபோது நிழலில் வை. ஜன்னலில் ஒட்டுகிற பிடியைவிட முழங்கால் பட்டை நல்லது.

இந்தக் கட்டத்தில் வருடச் சந்தா எதுவும் கட்டாதே என்பது என் கருத்து. டேப்லெட்டில் ஏஐபி பக்கங்களை இறக்கி வை, இலவசச் சோதனைக் காலம் தருகிற ஆப் ஒன்றைப் போடு. ஜக்கூர், ஏலஹங்கா, மைசூர் மூன்றையும் ஏஐபியோடு வரி வரியாக ஒப்பிடு. ஒத்துப்போனால் அப்பாவிடம் கேள். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் தொடங்கும்போது ஜெப்பசன் சந்தாவுக்கு அர்த்தம் வரும்.

ஓய்வு_ஏஐஎஸ் எழுதியது:

ஒப்பிடும்போது ஒரு நுணுக்கம். ஏஐபியின் சார்ட் சும்மா பிடிஎஃப் பக்கம், அதில் உன் விமானம் நகராது. கிளம்பும் வழி, வந்துசேரும் வழி சார்ட்டுகள் பலவும் அளவுக்கு வரைந்தவை அல்ல, அதில் நகரவும் கூடாது. எண்களை ஒப்பிடு, படத்தை அல்ல.

ஜக்கூர்_08 எழுதியது:

ஒப்பிட ஆரம்பித்துவிட்டேன் ஐயா. ஏலஹங்கா எல்லை சோதனை ஆப்பில் இருக்கிறது, கீழ்மட்ட உயரம் மட்டும் ஏஐபியில் உள்ளதோடு பொருந்தவில்லை. சாரிடம் காட்டுகிறேன். ஒரே ஒரு கேள்வி. என் மைசூர் ட்ரிப் ஒரு வியாழக்கிழமை காலை 7 மணிக்கு வைத்திருக்கிறார்கள், பார்த்தால் அன்றைக்கே ஐராக் தேதி. நான் எந்தச் சுழற்சியை வைத்துப் பிளான் போடுவது?

ஓய்வு_ஏஐஎஸ் எழுதியது:

புதியது. நடைமுறைக்கு வருவது 0000 யுடிசி, நம் நேரம் காலை 5:30. நீ 7 மணிக்குக் கிளம்பும்போது பழைய சார்ட் காலாவதியாகி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். புதிய பக்கங்கள் முன்கூட்டியே வெளியாகியிருக்கும், அதை வைத்தே பிளான் போடு.

தேவனஹள்ளி_எஃப்ஓ எழுதியது:

பெரும்பாலான ஆப்கள் அடுத்த சுழற்சியைச் சில நாள் முன்பே இறக்கி வைத்துக்கொள்ள விடும், நேரம் வந்ததும் தானே மாறிக்கொள்ளும். புதன் இரவு அறையில் வைஃபை இருக்கும்போதே இறக்கிவிடு. வியாழன் காலை டேப்லெட்டைத் திறந்து தேதி மாறியிருக்கிறதா என்று பார். மாறவில்லை என்றால் சாரிடம் சொல்லிவிட்டு ஏஐபி பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு போ, ஆப்பை அன்றைக்கு மூடியே வை.